சரணத்தை மறந்த பல்லவி

ஏழெட்டு வருஷங்களுக்கு முன்னால் இதே பக்கங்களில் ஏ.ஆர். ரஹ்மானின் 'வந்தே மாதரம்' பற்றி ஒரு குறிப்பு எழுதினேன். 'விளம்பரக்காரர்கள் தயாரித்த தேசபக்தி' என்பது அதில் என் தீர்ப்பு. நண்பர்கள் இரண்டு மூன்று பேர் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். நம் வட்டத்தில் இரண்டு மூன்று பேர் என்பது பெரும்பான்மை. இப்போது அந்தத் தீர்ப்பை நானே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதில் தகவல் பிழை எதுவும் இல்லை. பிழை வேறு இடத்தில் இருக்கிறது.

தகவல்கள் இவை. 1997-ல், சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி சோனி மியூசிக் வெளியிட்ட தொகுப்பு அது. அதற்குப் படம் எடுத்த பரத்பாலா விளம்பரப் படங்கள் எடுத்தவர். ரஹ்மானும் 1992-ல் 'ரோஜா' வருவதற்கு முன்பு விளம்பரங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தவர்தான். அவரை மணிரத்னத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனதே ஒரு காப்பி விளம்பரத்தின் இசை. படத்திலோ மணல்வெளியில் ஜனங்கள் கூடி ராக்ஷஸக் கொடி ஒன்றை எழுப்புகிறார்கள். இத்தனையும் ஒரு வரிசையில் வைத்தால் 'விளம்பரம்' என்ற சொல் தானாக வந்து விழுகிறது. தானாக வந்து விழும் சொல்லைச் சந்தேகிக்க வேண்டும் என்று கவிதைக்கு நாம் விதி வைத்திருக்கிறோம். விமர்சனத்துக்கு மட்டும் அந்த விதி கிடையாதா?

நான் வேலை பார்ப்பது கோடம்பாக்கத்தில் ஒரு வங்கிக் கிளையில். இந்தப் பாட்டு உருவான ஒலிப்பதிவுக் கூடம் இருக்கும் அதே கோடம்பாக்கம். வருஷா வருஷம் ஆகஸ்ட் 15 காலையில் கிளை வாசலில் மேனேஜர் கொடி ஏற்றுவார். 'ஜன கண மன' பாடுவோம். பாதிப் பேருக்கு உதடு மட்டும் அசையும். லட்டு கொடுப்பார்கள். அதற்கப்புறம் யாராவது ஒருவர் செல்போனை ஒரு சின்ன ஸ்பீக்கரோடு இணைத்து இந்தப் பாட்டைப் போடுவார். போடும்படி யாரும் சொல்வதில்லை. எந்த சர்க்குலரிலும் அது கிடையாது. மூன்று வருஷங்களுக்கு முன் அப்படிக் கேட்டுக்கொண்டு நிற்கையில், குரல் உச்சத்துக்கு ஏறும் இடத்தில், என் கையில் மயிர் சிலிர்த்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற ஹெட் காஷியர் பார்த்துவிட்டார். "என்ன தோழர், உங்களுக்குமா?" என்றார். அவர் என் குறிப்பைப் படித்தவரல்ல. ஆனாலும் எனக்குக் கையும் களவுமாக அகப்பட்ட மாதிரி இருந்தது.

உடம்பு ஒப்புக்கொண்ட ஒன்றை எழுத்து மறுக்கிறது என்றால் இரண்டில் ஒன்று பொய். உடம்பை ஏமாற்றுவது சுலபம் என்பது எனக்குத் தெரியும். எந்த அணிவகுப்பு டிரம்மும் அதைச் செய்துவிடும். ஆனால் டிரம் ஓய்ந்த மறுநாள் அந்தச் சிலிர்ப்பு மிச்சமிருப்பதில்லை. இது கால் நூற்றாண்டுக்கு மேல் மிச்சமிருக்கிறது. நான் பிறந்தது 1990-ல். நாடு என்ற சொல்லுக்கு எனக்கு முதலில் கிடைத்த உருவம் பாடப்புத்தகத்து வரைபடம் அல்ல. டெலிவிஷனில் பார்த்த அந்த மணல்வெளியும் அந்தக் குரலும்தான். என் தலைமுறையைப் பொறுத்தவரை பாட்டு முந்தி வந்தது, நாடு பிந்தி வந்தது. ஆகவே இதை அலசுவது ஓரளவு என்னையே அலசுவதுதான்.

விளம்பரத்தால் நிலைத்தது என்ற விளக்கம் சீக்கிரமே உடைந்துபோகிறது. அதே தொகுப்பில், அதே நிறுவனத்தின் அதே செலவில், பங்கிம் சந்திரரின் மூலப்பாடலையே ரஹ்மான் தனியாக இசையமைத்திருக்கிறார். நுஸ்ரத் ஃபதே அலி கானோடு சேர்ந்து பாடிய 'குருஸ் ஆஃப் பீஸ்' என்ற பாட்டும் உண்டு. இந்தியாவின் பொன்விழாத் தொகுப்பில் பாகிஸ்தானின் பெரும் பாடகர் பாடினார் என்பதும், அந்த ஆகஸ்ட் 16-ந் தேதியே அவர் மறைந்தார் என்பதும் சாமான்ய விஷயமல்ல. இருந்தும் கொடியேற்று விழாக்களில் அவை ஒலிப்பதில்லை. பணம் ஒரு பாட்டைக் காதுவரை கொண்டுவரும். அதற்கு மேல் அதனால் ஆகாது.

வியாபாரத்தில் பிறந்தது என்பதும் பெரிய குற்றச்சாட்டு இல்லை. பாரதி பாடல்களின் உரிமை ஒரு காலத்தில் ஏ.வி. மெய்யப்ப செட்டியார் கையில் இருந்தது. அவருடைய 'நாம் இருவர்' 1947-ன் தொடக்கத்தில், சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பாகவே, வெளிவந்தது. அதில் டி.கே. பட்டம்மாள் குரலில் கேட்டுத்தான் எத்தனையோ பேருக்குப் பாரதி அறிமுகமானார். செட்டியார் தம் ஸ்டூடியோவைக் கோடம்பாக்கத்துக்குக் கொண்டுவந்தது அதற்குப் பிறகு. 1949-ல் அரசாங்கம் உரிமையை ஏற்றுப் பாடல்களைப் பொதுச் சொத்தாக்கியது. ஆனால் ஜனங்களின் வாயில் அவை அதற்கு முன்பே பொதுச் சொத்தாகியிருந்தன. டிக்கெட் வாங்கிக் கேட்ட பாட்டு என்பதால் பாரதியின் பாட்டு சிறுத்துப்போகவில்லை.

வோட்டு எண்ணிக்கையும் உதவாது. 2002-ல் பிபிசி உலக சேவை தன் எழுபதாம் ஆண்டை ஒட்டி உலகத்தின் அபிமானப் பாட்டு எது என்று நேயர்களைக் கேட்டது. முதலிடம் அயர்லாந்து தேசபக்திப் பாட்டு ஒன்றுக்கு. இரண்டாவது 'வந்தே மாதரம்' - ஆனால் ரஹ்மானுடையதல்ல, 1952-ல் வந்த 'ஆனந்த மடம்' இந்திப் படத்தில் ஹேமந்த் குமார் இசையமைத்தது. மூன்றாவது 'தில் தில் பாகிஸ்தான்'. நான்காவது நம் இளையராஜாவின் 'ராக்கம்மா கையத் தட்டு'. தாயகத்தைவிட்டு வெளியே வாழ்கிறவர்கள் கட்சி கட்டிக்கொண்டு ஓட்டுப் போட்டால் இப்படித்தான் இருக்கும். ஓட்டு ஒரு நாள் காரியம். ஒரு பாட்டு நிலைப்பது வேறு சங்கதி.

பின் எதனால் நிலைத்தது? ஹெட் காஷியரின் செல்போனில் ஒரு துப்பு இருக்கிறது. இதை யாரும் உத்தரவு போட்டு ஒலிக்கச் செய்யவில்லை. மற்ற இரண்டுக்கும் உத்தரவுகள் உண்டு. 2016 நவம்பரில் உச்சநீதிமன்றம் தியேட்டர்களில் படத்துக்கு முன் தேசிய கீதம் ஒலிக்க வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்றது. அடுத்த மாதமே இங்கே அசோக் நகரில் ஒரு தியேட்டரில் எழுந்து நிற்காதவர்களை அடித்தார்கள். 2018 ஜனவரியில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. 2017 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு இதைவிட விசித்திரம். ஆசிரியர் வேலைக்கான தேர்வில் 'வந்தே மாதரம் முதலில் எந்த மொழியில் எழுதப்பட்டது' என்று ஒரு கேள்வி. வங்காளம் என்று எழுதியவருக்கு மார்க் கிடையாது. அந்த ஒரு மார்க்கில் வேலை போயிற்று. அவர் வழக்குப் போட்டார். ஒரு மார்க்கைப் பற்றிய வழக்கின் தீர்ப்பு, பள்ளி கல்லூரிகளில் வாரம் ஒரு முறையாவது அந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்பதில் போய் முடிந்தது. முடியாதவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றும், தமிழாக்கிப் பாடலாம் என்றும் கூடவே சொல்லப்பட்டது. போட்டித் தேர்வு எழுதி வேலைக்கு வந்தவன் நான். ஒரு மார்க்கின் கனம் எனக்குத் தெரியும். ஒரு பாட்டின் மேல் அந்தக் கனத்தை ஏற்றிவிட்டால் அப்புறம் அதைப் பாட முடியாது, ஒப்பிக்கத்தான் முடியும்.

ரஹ்மானின் பாட்டுக்கு எழுந்து நிற்க வேண்டியதில்லை. ஆனால் கட்டாயமின்மை மட்டும் ஒரு பாட்டை வாழவைக்காது. கட்டாயமில்லாத ஆயிரம் பாட்டுகள் செத்திருக்கின்றன. பாட்டுக்குள்ளேயே ஏதோ நடந்திருக்க வேண்டும். அதைப் பார்க்க அந்த இரண்டு சொற்களின் சரித்திரத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

பங்கிம் சந்திரர் பாட்டை 1882-ல் வந்த தம் 'ஆனந்த மடம்' நாவலில் சேர்த்தார். 1896 கல்கத்தா காங்கிரஸில் தாகூர் பாடினார். 1905 வங்கப் பிரிவினைக்குப் பிறகு அதன் முதல் இரண்டு சொற்கள் கோஷமாயின. 1906-ல் பாரிசால் மாநாட்டில் அந்தக் கோஷத்துக்காகத் தடியடி பட்டார்கள். நம் பக்கத்தில் பாரதி அதை இரண்டு முறை தமிழாக்கினார். ஒரு தடவை போதவில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் தொடக்கத்திலிருந்தே அதில் ஒரு முள் இருந்தது. முதல் இரண்டு கண்ணிகளில் தாய் என்பவள் நீரும் நிழலும் பயிருமான ஒரு நிலம். பின்னால் வரும் கண்ணிகளில் அவள் துர்க்கையாகிவிடுகிறாள். 'வந்தே' என்றால் வணங்குகிறேன். ஒரே இறைவனைத் தவிர யாரையும் வணங்கலாகாது என்ற நம்பிக்கை உடையவன் இதை எப்படிச் சொல்வான்? 1937-ல் காங்கிரஸ் காரியக் கமிட்டி, தாகூரின் ஆலோசனையையும் கேட்டு, முதல் இரண்டு கண்ணிகள் போதும் என்று தீர்மானித்தது. 1950 ஜனவரி 24-ல் ராஜேந்திர பிரசாத் அதற்கு தேசிய கீதத்தோடு சம கௌரவம் என்று அறிவித்தார். இவையெல்லாம் கமிட்டித் தீர்வுகள். பாட்டை வெட்டி முள்ளை எடுப்பது. 2025 டிசம்பரில், பாட்டின் நூற்றைம்பதாம் ஆண்டை ஒட்டி நாடாளுமன்றத்தில் விவாதித்தபோதும் இந்த வெட்டைப் பற்றித்தான் பேச்சு.

1997-ல் நடந்தது வேறு மாதிரித் தீர்வு. இந்திப் பாட்டின் பெயர் 'மா துஜே சலாம்'. தாய் அப்படியே இருக்கிறாள். 'வந்தே' என்ற வினைதான் மாறியிருக்கிறது. வணக்கத்தின் இடத்தில் சலாம். பெற்ற தாய்க்கு எந்த மதத்துக்காரனும் சொல்லக்கூடிய சொல். இஸ்லாத்தைத் தழுவிய ஒரு கோடம்பாக்கத்துக்காரர் அதைப் பாடுகிறார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, குரலே சொல்கிறது. அறுபது வருஷ வழக்கை யாரும் கவனிக்காத மாதிரி ஒரு மொழிபெயர்ப்பில் முடித்துவைக்கிறது இந்தத் தலைப்பு. இதைச் சமத்காரம் என்று நான் சொல்ல மாட்டேன். மொழிபெயர்ப்பு என்ற காரியம் உச்சத்தில் என்ன செய்ய முடியும் என்பதற்கு உதாரணம் இது. இந்தி வரிகள் மெஹபூப் எழுதியவை.

தமிழ் வடிவத்தில் - வைரமுத்து எழுதியது - பிரச்னை இன்னும் சுவாரஸ்யமானது. சலாமுக்கு இணையாகத் தமிழில் 'வணக்கம்' இருக்கிறது. நமஸ்காரத்துக்கு மாற்றாக மேடைகள் பரப்பி, இன்று பால்காரரிடமும் கலெக்டரிடமும் சொல்கிற வெறும் முகமன். ஆனால் அதே சொல்லுக்குள் 'வணங்கு' இன்னும் உயிரோடிருக்கிறது. கத்தோலிக்கர்களுக்கு மாதா வணக்க மாதம் உண்டு. தமிழ் முஸ்லிம்கள் தொழுகை, நோன்பு போன்றவற்றை வணக்கம் என்றே எழுதுகிறார்கள். அதனாலேயே அவர்களில் சிலர் முகமனாக அதைச் சொல்லத் தயங்குகிறார்கள். இந்தியில் மூடிய கதவைத் தமிழ்ச் சொல் மறுபடி திறந்துவிடுகிறது. தமிழ்த் தலைப்பு இதற்கு வேறு வழி கண்டிருக்கிறது. 'தாய் மண்ணே வணக்கம்.' விளிக்கப்படுவது தாய் அல்ல, மண். தாய் என்பது மண்ணுக்கு அடைமொழி. இந்தியில் வினை மாறியது, தமிழில் வணங்கப்படும் பொருள் மாறியது. இது திட்டமிட்டு நடந்தது என்று நான் வாதாடவில்லை. மொழி தன் போக்கில் போனால் இப்படியும் ஒரு வழி கண்டுபிடிக்கும்.

அடுத்தது சரணம். இந்தியில் பேசுகிறவன் சிப்பாயல்ல, தியாகியுமல்ல. ஊர் ஊராக உலகம் சுற்றிவிட்டு, எங்கு போனாலும் அவள் ஞாபகமாகவே இருந்தவன். வீட்டு ஏக்கம் பிடித்த பிரயாணி. 1997-ல் அமெரிக்க கான்ஸலேட் வாசலில் விசாவுக்கு வரிசையில் நின்றவர்களை நினைத்துக்கொண்டால் அவன் யார் என்பது தெரிந்துவிடும். அவனுக்குப் பகைவன் கிடையாது. இது முக்கியம். 'ரோஜா'வில் பகைவன் இருந்தான். கொடி எரிந்தது, கதாநாயகன் அதன்மேல் விழுந்து புரண்டான். அந்தப் படத்தின் அரசியலைப் பற்றி 1994-ல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் பலர் காரசாரமாக எழுதினார்கள். ஐந்தே வருஷங்களில் அதே இசையமைப்பாளர் எதிரி இல்லாத ஒரு தேசபக்திப் பாட்டைச் செய்திருக்கிறார்.

குரலையும் சொல்ல வேண்டும். இளவயதில் சென்னையில் 'நெமிஸிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவில் கீபோர்டு வாசித்தவர் ரஹ்மான். ராக்கில் குரலுக்குப் பயிற்சி நிபந்தனையல்ல. தன் எல்லையைத் தாண்ட எத்தனிப்பதுதான் நிபந்தனை. வானொலியில் தேஷ் ராகத்தில் கேட்டுப் பழகிய பழைய மெட்டு பூஜையறை மாதிரி அமைதியானது. இது கீழ் ஸ்தாயியில் தனி ஆளாகத் தொடங்கித் தாளம் சேர்ந்து, கடைசியில் எட்டாத ஒன்றை எட்டுகிற மாதிரி அந்த இரண்டு சொற்களை நீட்டுகிறது. அந்த நீட்டலில் பாங்கின் சாயலைக் கேட்கலாம், ஓதுவாரின் சாயலையும் கேட்கலாம். முக்கியமாக, அது வெற்றிக் குரல் அல்ல. அழைக்கிற குரல். பாடத் தெரியாதவனும் அதைக் கத்திவிட முடியும். கத்தினால் தப்பாகத் தோன்றாது. மேடைக் கச்சேரிக்குக் கிடைக்காத சலுகை இது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகு, என் புது ஆக்ஷேபணையை வைக்கிறேன்.

இந்தப் பாட்டு இன்று அதிகம் கேட்பது கிரிக்கெட் மைதானங்களில். 2023 உலகக் கோப்பையின்போது விளக்குகளை அணைத்துவிட்டு ஒலிபெருக்கியில் போட்டார்கள்; ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடினார்கள். எதைப் பாடினார்கள்? உச்சத்தில் நீட்டும் அந்த இரண்டு சொற்களை. பிரயாணி இல்லை, அவன் ஏக்கம் இல்லை. சலாம் இல்லை, மண்ணும் இல்லை. மிஞ்சுவது 'வந்தே மாதரம்'. 1882-ன் சொற்கள், 1906-ன் கோஷம். அன்று அதைச் சொன்னவன் தலையில் தடி விழுந்தது என்ற விலையும் இப்போது இல்லை. எந்தச் சிக்கலை இந்தப் பாட்டு தன் சரணத்திலும் தலைப்பிலும் அவிழ்த்ததோ, அந்தச் சிக்கலைத்தான் கூட்டம் மறுபடி கையில் எடுத்துக்கொள்கிறது. எதிரி இல்லாத பாட்டுக்கு எதிர் அணி கிடைத்துவிடுகிறது.

உலகில் இது புதிதல்ல. 1984-ல் அமெரிக்காவில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' பாடினார். வியட்நாம் போய்த் திரும்பி வேலை கிடைக்காமல் அலைக்கழியும் ஒருவனின் கசப்புதான் சரணம் முழுக்க. பல்லவியில் மட்டும் நாட்டின் பெயர் முஷ்டி உயர்த்திக்கொண்டு வருகிறது. கூட்டம் பல்லவியை எடுத்துக்கொண்டது. அந்த வருஷத் தேர்தல் பிரசாரத்தில் ரீகன் அந்தப் பாடகரைப் புகழ்ந்து பேசினார். சரணத்தைக் கேட்டவர் அப்படிப் பேசியிருக்க முடியாது.

'தில் தில் பாகிஸ்தான்' இதற்கு எதிர்முனை. 1987 ஆகஸ்டில், ஜியா-உல்-ஹக் ஆட்சியில், வைட்டல் ஸைன்ஸ் என்ற குழுவின் ஜீன்ஸ் போட்ட இளைஞர்கள் அரசு டெலிவிஷனில் கிடார் வாசித்துப் பாடியது அது. அந்தக் காலத்தில் அந்தக் கிடாரே ஒரு வாக்கியம். முன்னணிப் பாடகர் ஜுனைத் ஜம்ஷத் பின்னாட்களில் இசையையே துறந்து மதப் பிரசங்கியானார். 2016 டிசம்பரில் விமான விபத்தில் இறந்தார். அவர் துறந்த பாட்டை ஜனங்கள் துறக்கவில்லை. பாடியவனையே வேண்டாம் என்று வைத்துவிட்டு ஒரு பாட்டு போய்க்கொண்டிருக்க முடியுமென்றால், சரணத்தை வேண்டாமென்று வைப்பது அதற்குப் பெரிய காரியமா?

எனவே நான் வந்து சேரும் இடம் இது: ஒரு தேசபக்திப் பாட்டு நீடித்து வாழ்வதற்கு ஜனங்கள் அதில் பாதியை மறக்க வேண்டியிருக்கிறது. மறக்கப்படும் பாதிதான் பெரும்பாலும் அதன் நல்ல பாதி. ஜனரஞ்சகம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவது பாட்டின் குணமல்ல. பாட்டுக்கு நேர்கிற ஒன்று. என் பழைய குறிப்பு, நேர்ந்ததைப் பாட்டின் குணமென்று எடுத்துக்கொண்டது. கூட்டம் மறப்பதை ஞாபகத்தில் வைத்திருப்பதைத் தவிர விமர்சகனுக்கு வேறு உத்தியோகம் என்ன இருக்கிறது?

போன ஆகஸ்டில் பாட்டைப் போட்டது வடக்கேயிருந்து புதிதாக வந்திருக்கும் ஆபீஸர் பையன். அதனால் இந்தி வடிவம். சரணம் முடிந்து குரல் மேலே ஏறப்போகும் சமயத்தில் ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. ஒரு கணம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு காவலாளி அந்த இரண்டு சொற்களையும் கத்தினார், எல்லோரும் திருப்பிக் கத்தினோம், சிரித்தோம், கலைந்தோம். கவுண்டருக்குள் போய் உட்கார்ந்த பிறகு, அறுந்துபோவதற்கு முன் ஓடிய சரணத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். முதல் வரி வந்தது. இரண்டாவது வரவில்லை. தமிழ் வடிவத்தை முயன்றேன். அதுவும் வரவில்லை. இந்தப் பாட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தீர்ப்புச் சொன்னவன் நான். அதை எழுதியபோதும் பல்லவியை மட்டும் கேட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.